100 அம்பியர் மணி என்று விற்ற பற்றரிக்குள் இருந்தது 17: வெளியில் சார்ஜ் போடுகிறவர்கள் வாங்க முதல் வாசியுங்கள்

வன்னிப் பக்கம் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடுகிற சின்னக் கார்) ஓட்டுகிறவர்கள், ட்ரோன் வைத்திருக்கிறவர்கள், கரண்ட் இல்லாத வெளியில் லிப்போவுக்கு, அதாவது அவற்றுக்குள் போடுகிற லித்தியம் பற்றரிக்கு, சார்ஜ் போட வேண்டிய எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். ஏ9 வீதியோரக் கடை ஒன்றில் பற்றரியும், அதன் 12 வோல்ற்றை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரும், வயருமாக 72,000 ரூபா கொடுத்தேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை, முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை ஒன்றும் விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இதே சாமான் வேறு கடைகளிலும் வேறு ஸ்டிக்கரோடு இருக்கலாம்.

நாங்கள் ஓட்டுகிற இடம் மாங்குளத்துக்கு அங்கால ஒரு கிரவல் வெளி. நல்ல மண், வளைவுகளுக்கு மண்மூட்டை அடுக்கி வைத்திருக்கிறோம், ஒரு பாலை மர நிழலும் உண்டு, கரண்ட் மட்டும் இல்லை. கிட்டடி வீடே அரைக் கட்டைக்கு மேல். இவ்வளவு நாளும் ஒவ்வொருவரும் வீட்டில் சார்ஜ் போட்டு இரண்டு பற்றரி கொண்டு வருவோம், அது முடிய ஓட்டமும் முடியும். வவுனியாவிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் இவ்வளவு தூரம் வந்து, அரை மணித்தியாலம் ஓட்டிவிட்டுத் திரும்பிப் போகிற பெடியளைப் பார்க்க எனக்குச் சரியில்லை. அதனால்தான் எல்லாருக்கும் சார்ஜ் போடக்கூடிய மாதிரி ஒரு பெரிய பற்றரி வாங்குவோம் என்று காசு சேர்த்தோம். பாதி என்னுடையது, மீதி மற்றவர்கள் போட்டது. அந்தக் காசுக்குப் பொறுப்பு நான், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடையில் நான் சொன்னது தெளிவான விஷயம். சார்ஜரையே கையில் கொண்டு போனேன். 7.4 வோல்ற், 5000 மில்லி அம்பியர் மணி லிப்போ, ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது சார்ஜ் போட வேண்டும் என்றேன். கடைக்காரர் சார்ஜரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு நூறு அம்பியர் டீப் சைக்கிள் பற்றரி ஒண்டும் ஆயிரம் வாற் இன்வெர்ட்டரும் எடுங்கோ. இது சோலருக்குப் போடுற சாமான், கனகாலம் நிக்கும்" என்றார். நீல ஸ்டிக்கரில் 100 ஏஎச் (அம்பியர் மணி, பற்றரி எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு), டீப் சைக்கிள் (மணிக்கணக்காக இறக்கி இறக்கி ஏற்றக்கூடியது) என்று பெரிய எழுத்தில் இருந்தது. பற்றரி 58,000, இன்வெர்ட்டர் 12,500, முதலைக் கிளிப் போட்ட வயர் 1,500. பில்லில் "பற்றரி 1, இன்வெர்ட்டர் 1, வயர் 1" என்று மட்டும் எழுதினார். அளவையும் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் கட்டாயம் கேளுங்கள், எழுத மாட்டேன் என்றால் வாங்காமல் வெளியே வாருங்கள்.

ஓட்ட நாள் காலை எட்டு மணிக்கு மூன்று சார்ஜரையும் இன்வெர்ட்டரில் மாட்டினோம். மூன்றும் 5 அம்பியரில். முதல் மூன்று லிப்போ ஒன்பதரை அளவில் முடிந்தது, எல்லாருக்கும் சந்தோசம். அப்போதே வயரில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பத்து மணிக்கு அடுத்த மூன்றைப் போட்டோம், பத்து நிமிடம் போகவில்லை, இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்தத் தொடங்கி அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் ஆறவிட்டுப் போட்டால் ஐந்து நிமிடம், பிறகு இரண்டு நிமிடம். சோளகம் புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்தது, பன்னிரண்டு பேர் காரை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னச் சிவப்பு லைற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுக்குடியிருப்பிலிருந்து மாமாவோடு பஸ்ஸில் வந்த ஒரு சின்னப் பெடியன், அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், அவனுடைய லிப்போ பாதியில் நின்றது. அதைப் போட்டுத்தான் கடைசி ஓட்டத்துக்கு நின்றான். நாலாவது சுற்றில் கார் நின்றுபோய்விட்டது. அவன் அழவில்லை, காரைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் இருந்தான். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பின்னேரம் எங்களைக் காப்பாற்றியது காணிக்காரருடைய உழவு மெசின். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதன் பற்றரியில் கிளிப்பைப் போட்டு, சார்ஜரின் பக்கத்தில் இருக்கிற மற்றத் துவாரத்தில் நேரே கொடுத்தோம். சார்ஜர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வேலை செய்தது! அப்போதுதான் எனக்கு முதலாவது விஷயம் விளங்கியது. எங்களுடைய சார்ஜரில் 11 முதல் 18 வோல்ற் வரை நேரடியாக எடுக்கும் வழி இருக்கிறது, உடம்பிலேயே அச்சடித்திருக்கிறது. கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. 12 வோல்ற்றை 230 ஆக்கி, அதைச் சார்ஜர் திரும்பவும் கீழே இறக்கி, இரண்டு இடத்திலும் சூடாக வீணாக்குகிற இன்வெர்ட்டர் எங்களுக்குத் தேவையே இல்லை. இப்படி உழவு மெசினிலோ வான் வாகனத்திலோ போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிய பிறகுதான் சார்ஜரைக் கொழுவ வேண்டும், நிறுத்த முதல் கழற்ற வேண்டும். ஸ்ரார்ட் பண்ணும்போது வோல்ற் விழுந்து ஏறுவது சார்ஜருக்கு நல்லதல்ல.

இரண்டாவது விஷயத்தைக் கண்டுபிடித்தது அப்பா. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பற்றரி வரத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆள் அவர். கரண்ட் விஷயத்தில் அவரை ஏமாற்றுவது லேசில்லை. பற்றரியை ஒரு முறை தூக்கிப் பார்த்தார், வைத்தார். "இது நூறு இல்லையடா" என்றார். பக்கத்து மில்லில் நெல் நிறுக்கிற தராசில் வைத்தோம், 16 கிலோ. ஈயப் பற்றரி என்றால் 100 அம்பியர் மணிக்கு 25 முதல் 30 கிலோ வரை இருக்க வேண்டும். ஈயம்தான் அதன் பலம், ஈயம் இல்லாமல் அம்பியர் வராது. 16 கிலோ என்பது கார் ஸ்ரார்ட் பண்ணுகிற சாதாரணப் பற்றரியின் பாரம். நீல ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் உரித்தோம், கீழே இன்னொரு ஸ்டிக்கர். ஈய முனையில் திகதி அடித்திருக்கிற இடம் அரத்தால் ராவப்பட்டிருந்தது. பாவித்த கார் பற்றரியைக் கழுவி, கறுப்பு மை பூசி, புதிதென்று விற்றிருக்கிறார்கள்.

கார் பற்றரிக்குள் இருக்கும் தகடுகள் மெல்லியவை, ஒரு சில செக்கனுக்கு நிறையக் கரண்ட் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்புவதற்காகச் செய்தவை. மணிக்கணக்காகக் கரண்ட் எடுத்து இறக்கினால் அவை சில மாதத்திலேயே செத்துப்போகும். டீப் சைக்கிள் என்றால் தகடு தடிப்பு, அதனால் பாரம். ஸ்டிக்கரை யாரும் அச்சடிக்கலாம்.

பிறகு அப்பா முறையாகச் சோதித்தார். பற்றரியை இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் 12.6 வோல்ற் காட்டியதும், ஒரு 55 வாற் கார் லைற் பல்ப்பை மாட்டி மணிக்கூட்டைப் பார்த்தோம். அந்தப் பல்ப் எடுப்பது நாலரை அம்பியருக்குக் கொஞ்சம் மேல். உண்மையான 100 என்றால் இருபது மணித்தியாலம் அளவில் எரிய வேண்டும். எங்களுடையது 3 மணி 40 நிமிடத்தில் 10.5 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டது, அதாவது முடிந்துவிட்டது. பெருக்கிப் பாருங்கள், 17 அம்பியர் மணி, 12 வோல்ற்றால் பெருக்கினால் 200 வாற் மணி அளவு. எங்கள் லிப்போ ஒன்றுக்குள் போவது 37 வாற் மணி, சார்ஜரின் சூட்டையும் சேர்த்தால் 45 அளவு, இன்வெர்ட்டரும் இருந்தால் 55. மூன்று போட்டதும் ஏன் படுத்ததென்று இப்போது கணக்குச் சரியாக வருகிறது. நல்ல 100 அம்பியர் மணி ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தாலும் 600 வாற் மணி கிடைக்கும், நேரடியாகப் போட்டால் பதின்மூன்று சார்ஜ். நான் கேட்டதும் அவ்வளவுதான்.

வயரையும் சொல்ல வேண்டும். வெளியே தடித்த ரப்பர், உள்ளே செம்பு ஒன்றரை சதுர மில்லிமீற்றர்கூடத் தேறாது. மூன்று மீற்றர் வயரில் 15 அம்பியர் போய்த் திரும்பினால் ஒரு வோல்ற் வயரிலேயே போய்விடும். பற்றரி 12 கொடுத்தாலும் மற்றப் பக்கம் 11 தான் வரும், அதோடு சார்ஜர் போதாது என்று நின்றுவிடும். ஆறு சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத வயரை, முடிந்தளவு கட்டையாக வெட்டிப் போடுங்கள்.

சரி, திருப்பிக் கொண்டு போனேன். முதலில் "வாங்கோ தம்பி" என்றவர், பற்றரியைக் கண்டதும் பார்வையை மாற்றிக்கொண்டார். "நீங்கள் அடிமட்டத்துக்கு இறக்கிப் போட்டீங்கள், அது வாரண்டியில வராது." பாரத்தைச் சொன்னேன். "இப்ப வாறதெல்லாம் பாரம் குறைவு." ஸ்டிக்கருக்குக் கீழே இருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது கம்பனி ஒட்டினது, எங்களுக்குத் தெரியாது." கடையில் நின்ற மற்றவர்களுக்கு முன்னால், நான்தான் ஸ்டிக்கரை உரித்துக் கொண்டுவந்து கதை விடுகிறேன் என்ற மாதிரியும் சொன்னார். காசு போனதை விட அதுதான் எனக்கு ஆத்திரம்.

நான் கச்சேரிக்குப் போய் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பில், தராசில் வைத்து எடுத்த படம், இரண்டு ஸ்டிக்கரின் படம், பல்ப் சோதனையின் நேரக் குறிப்பு எல்லாம் சேர்த்து. 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தும் கேட்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், இது பலருக்குத் தெரியாது. "வாற கிழமை பாப்பம், கம்பனி ஆள் வரட்டும்" என்று கடையில் இழுத்தடிப்பதில் அந்த மூன்று மாதமும் போய்விடும்.

லைற் மெசின் (ஜெனரேற்றர்) வாடகைக்கு எடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். எடுக்கலாம், ஆனால் கலியாண வீட்டுக்குக் கொடுக்கிற பழைய மெசின்களில் பாரம் ஏற இறங்க வோல்ற் துள்ளும், அதில் நேரே சார்ஜரைப் போட எனக்கு மனமில்லை. இன்வெர்ட்டர் வகை ஜெனரேற்றர் நல்லது, விலைதான். லித்தியம் பொஸ்பேற் பற்றரியும் நல்லது, 12.8 வோல்ற் 50 அம்பியர் மணி என்றால் 640 வாற் மணி, ஈயம் மாதிரிப் பாதியோடு நிறுத்தவும் தேவையில்லை. ஆனால் அது பாரம் குறைந்த சாமான், தராசுச் சோதனை அதற்குச் சரிவராது, பல்ப்பை மாட்டி மணிக்கூடு பார்ப்பது ஒன்றுதான் வழி. கடைக்காரர் தன் முன்னால் அந்தச் சோதனைக்கு விடமாட்டேன் என்றால், சோதித்துச் சரியில்லாவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுப்பேன் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

இப்போதைக்கு அந்த நீல ஸ்டிக்கர் பற்றரி எங்கள் வீட்டு மாமரத்தடியில் இருக்கிறது, விசாரணைக்குக் கூப்பிடும்போது அப்படியே கொண்டு போக வேண்டும், அதனால் யாரையும் தொடவிடவில்லை. அடுத்த ஓட்டம் சிறுபோக வெட்டு முடிய. காணிக்காரர் உழவு மெசினைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், டீசல் எங்களுடையது, தடித்த வயர் வெட்டி வைத்திருக்கிறேன். புதுக்குடியிருப்புப் பெடியனின் மாமாவுக்குப் போன் அடித்துச் சொல்லிவிட்டேன், முதல் சார்ஜ் அவனுடையதுக்குத்தான்.