பெரும்பாக்கம் டிப்போ மின்சார பஸ்: வீல்சேர்ல அக்காவோட ஒரு வாரம் போய் வந்தோம்

எங்க அக்காவுக்கு சின்ன வயசுலயே போலியோ, இப்ப 46 வயசு, வீல்சேர் தான். முன்னாடி சென்னை சிட்டிக்குள்ள ஆத்தோரமா இருந்தோம், அங்க இருந்து எங்கள காலி பண்ண வெச்ச பிறகு பெரும்பாக்கம் எழில் நகர்ல ஹவுசிங் போர்டு வீடு. இங்க வந்ததுல இருந்து அவ வெளிய போகணும்னா ஆட்டோ தான், போக வர கேக்குற காசுக்கு அவ அன்னைக்கு தைச்ச கூலி சரியா போயிடும்.

2025 ஆகஸ்ட்ல பெரும்பாக்கம் டிப்போல இருந்து 135 மின்சார பஸ் விட்டாங்க. படி ஏறாமலே உள்ள போற தாழ்தள பஸ்ஸுன்னு சொன்னாலும் அக்கா நம்பவே இல்ல, நான் தான் கட்டாயப்படுத்தி சோழிங்கநல்லூர் கூட்டிட்டு போனேன்.

பஸ் வந்து நின்னதும் புஸ்ஸுனு காத்து விட்டு இடது பக்கமா கொஞ்சம் கீழ இறங்குச்சு பாருங்க, அக்கா என் கைய கெட்டியா புடிச்சிக்கிட்டா. கண்டக்டர் அண்ணன் நடு கதவுகிட்ட வந்து குனிஞ்சு, தரையோட மடிச்சு வெச்சிருந்த பலகைய தூக்கி வெளிய போட்டாரு, "மெதுவா வாங்கம்மா, அவசரம் இல்ல"ன்னாரு. நான் பின்னாடி இருந்து ஒரே ஒரு தள்ளு, உள்ள போயாச்சு. பழைய பஸ்ல படி ஏறணும்னா யாராவது ரெண்டு ஆம்பளைங்க அவள அப்படியே தூக்கணும், அந்த கூச்சத்துக்காகவே பஸ் வேணாம்னு வருஷக்கணக்கா வீட்டுலயே இருந்துட்டா. வீல்சேர் நிறுத்த தனி இடம், பெல்ட் எல்லாம் இருக்கு. புகை இல்ல, இன்ஜின் உறுமல் இல்ல, அதனால அடுத்த ஸ்டாப் பேர் சொல்ற குரல் நல்லா கேக்குது, கண்ணு தெரியாதவங்களுக்கு இது எவ்ளோ பெரிய விஷயம்.

இந்த வசதி தானா வந்துடல, இத அவசியம் சொல்லணும். தாழ்தள பஸ் தான் வாங்கணும்னு மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காக போராடுற வைஷ்ணவி ஜெயக்குமார் ஹைகோர்ட் வரைக்கும் போனாங்க. தண்ணி தேங்குற ரோடு, ஸ்பீட் பிரேக்கர், மெயின்டனன்ஸ் செலவுன்னு எதிர் தரப்புல சொன்னதுக்கெல்லாம் வருஷக்கணக்கா பதில் சொல்லி நின்னாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே போக்குவரத்து வசதி பத்தி இருக்கு, ஆனா சட்டத்துல இருக்குறது ரோட்டுக்கு வர இந்த மாதிரி யாராவது விடாம நிக்க வேண்டியிருக்கு. இன்னைக்கு கைக்குழந்தையோட ஏறுற பொண்ணுங்க, முட்டி வலிக்குற பாட்டிங்க எல்லாரும் சிரமம் இல்லாம ஏறுறாங்கன்னா அவங்க போராட்டமும் ஒரு காரணம்.

குறைன்னா பஸ் மேல பெருசா இல்ல, ஸ்டாப்புல தான். ஒரு நாள் ஸ்டாப் முழுக்க பைக்கும் ஆட்டோவும் நிறுத்தி வெச்சிருந்தாங்க, பஸ் ரோட்டு நடுவுல தான் நிக்க முடிஞ்சுது, பிளாட்பாரத்துல இருந்து வீல்சேர இறக்க சரிவும் இல்ல. பலகைய ரோட்டுல போட்டா ஏத்தம் செங்குத்தா ஆயிடுது, நான் ஒருத்தியா தள்ள முடியல, பின்னாடி வண்டிக்காரங்க ஹாரன் வேற, அக்கா அழுதுட்டா. ஒரு ஸ்டாப் கட்டுறதுக்கு முன்னாடி வீல்சேர்ல இருக்குற ஒருத்தர அங்க கூட்டிட்டு போய் ஏறி இறங்க சொல்லி பாத்திருந்தா பத்து நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.

இன்னொன்னு, அந்த 135-ல 55 ஏசி, 80 ஏசி இல்லாதது. 2021-ல இருந்து சாதாரண பஸ்ல பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசம், ஏசி பஸ்ல டிக்கெட் எடுக்கணும். எங்க பிளாக்ல வீட்டு வேலைக்கு போற அக்காங்க எல்லாரும் ஏசி வந்தா விட்டுட்டு அடுத்ததுக்கு நிப்பாங்க. காலைல ஆறு மணிக்கு எது வரணும், எத்தன வரணும்னு அவங்கள உக்கார வெச்சு கேட்டா கணக்கா சொல்லுவாங்க, கேக்கணும்ங்க.

என் மார்க் அஞ்சுக்கு நாலு, கொறைச்ச ஒண்ணு ஸ்டாப்புக்கு. வீல்சேரோட போறவங்க பீக் அவர்ல போகாதீங்க, காலைல பத்து மணிக்கு மேல கூட்டம் கம்மி. பஸ் தூரத்துல தெரியும்போதே கைய நல்லா தூக்கி காட்டுங்க, நடு கதவு வர்ற இடத்துல நில்லுங்க. அக்கா அடுத்து பீச்சுக்கு போகணும்ங்கறா, ஞாயித்துக்கிழமை காலைல கிளம்புறோம்.