காது மெசினுக்கு "லூப்" போட்டுத் தாறன் என்டு வாறவருக்கு காசு குடுக்கமுன்ன இத வாசிங்க

எங்கட ஊர் மட்டக்களப்பில களுவாஞ்சிகுடிப் பக்கம். நம்மட முதியோர் சங்க மண்டபத்தில வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கும், தேவாரம், பேச்சு, கிளினிக் அறிவித்தல் எல்லாம் இரிக்கும். வாற முப்பது நாப்பது பேரில பதினொரு பேர் காது மெசின் போட்ட ஆக்கள். மெசின் போட்டும் மண்டபத்தில ஒழுங்கா விளங்காது, ஏனென்டா மெசின்ட மைக் பக்கத்தில இருக்கிற ஆள்ட இருமல், ஃபேன் சத்தம், கதிரை இழுக்கிற சத்தம் எல்லாத்தையும் சேத்துத்தான் பெருசாக்கும். அதுக்குத்தான் வெளிநாட்டில இருக்கிற நம்மட பிள்ளைகள் காசி சேத்து அனுப்பி, லூப் போடுவம் என்டு முடிவெடுத்தம்.

லூப் என்டது உண்மையான சாமான், அதில பிழை இல்ல. மண்டபத்த சுத்தி ஒரு வயர் ஓடும், மைக்ல பேசுறது ஒரு அம்ப்ளிபயரால அந்த வயருக்குள்ள கரண்டா போகும், அதால காந்தப்புலம் ஒன்டு உண்டாகும், காது மெசினுக்குள்ள டெலிகொயில் என்டு சின்னக் கம்பிச் சுருள் இரிக்கும், மெசின "டி"க்கு மாத்தினா அந்தச் சுருள் அத பிடிச்சு பேச்ச மட்டும் காதுக்குள்ள குடுக்கும். 1937லயே இங்கிலாந்தில ஜோசப் பொலியாக்கொஃப் என்டவர் பேட்டன்ட் எடுத்தது. எங்களுக்கு வந்தது சாமான்ட பிழை இல்ல, பூட்டின மனுசன்ட பிழை.

அவரு 3,20,000 ரூபா கேட்டாரு. 2,00,000 அட்வான்ஸ். கறுத்தப் பெட்டி ஒன்டு, அதில பளபள என்டு ஸ்டிக்கர், "லூப் அம்ப்ளிபயர்" என்டு. ரெண்டு பொடியன்மார் வந்து அரை நாளில வேலைய முடிச்சிட்டாங்க. தகரக் கூரைக்குக் கீழ இரும்புச் சட்டத்தோட ஒட்டி மெல்லிசு ஸ்பீக்கர் வயர இழுத்து, லைட்டுக்குப் போற கரண்ட் வயரோடயே கட்டி விட்டாங்க. பின்னேரம் அவரு வந்து சின்ன ரிசீவர் ஒன்ட காதில மாட்டி, சுவரோட ஒட்டி நின்டு, "இந்தா கேட்டுப் பாருங்க" என்டு தலைவருக்கும் செயலாளருக்கும் குடுத்தாரு. நல்லா கேட்டிச்சி. ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்கும் என்டத அப்ப நாங்க ஒருத்தரும் யோசிக்கல்ல. மிச்சக் காசியும் அண்டைக்கே குடுத்தாச்சு.

அடுத்த வெள்ளி அம்மா போய் நடுவில இருந்தா. அவ ரிட்டயர் ஆன டீச்சர். வீட்ட வந்து சொன்னா, "மனே, வயிறு மாதிரி ஒரு உறுமல்தான் வருது, அதுக்குள்ள பேச்சு எங்கயோ கிடக்கு. கடை, சடை, தடை எல்லாம் எனக்கு அடைதான்" என்டு. பெரியப்பா அத விட மோசமாச் சொன்னாரு. அவரு வாலிப வயசில கல்லடி வாவியில பூரணை ராவுகளில தோணியில போய், துடுப்ப தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனிய காதில வெச்சு மீன் பாடுறத கேட்டவரு. "அது கூட இத விட தெளிவா இரிந்திச்சி தம்பி" என்டாரு. இருபது நிமிசத்துக்கு ஒருக்கா பெட்டி தானா நின்டு போகும், மறுகா வரும்.

போன் பண்ணினம். அவரு வந்து பெட்டிய திறந்தும் பாக்கல்ல. ஒவ்வொருத்தர்ட காதையும் பாத்து "உங்கட மெசின் பழசு, இதுக்கு லூப் பிடிக்காது, எனக்கு தெரிஞ்ச இடம் இரிக்கு, புதுசு எடுத்துத் தாறன்" என்டு சொல்லிட்டுப் போனாரு. பெரியப்பா நம்பிட்டாரு. மகன் அனுப்பின காசியில 1,40,000 குடுத்து காதுக்குள்ளயே ஒளிஞ்சிக் கிடக்கிற சின்ன மெசின் ஒன்டு எடுத்தாரு. அதுக்கும் ஒன்டும் கேக்கல்ல. மறுகா காது கிளினிக்குக்குக் கூட்டிப் போனா அங்க இருந்த பிள்ளை ரெண்டையும் பாத்திட்டு சொல்லுது, புதுசு அளவில சின்னன், அதுக்குள்ள டெலிகொயிலே இல்ல, காதுக்குப் பின்னால மாட்டுற பழசிலதான் இரிக்கு, ஆனா அந்த "டி" புரோகிராம் போட்டு விடல்ல, அவ்வளவுதான் என்டு. கொம்பியூட்டர்ல மாட்டி கொஞ்ச நேரத்தில போட்டுக் குடுத்திட்டாங்க, ஒரு சதம் வாங்கல்ல. இத எழுதுற நேரமும் எனக்கு கை நடுங்குது. காது கேக்காத மனுசனுக்கு உன்ட காதிலதான் பிழை என்டு சொல்லி காசி பறிக்கிறது எவ்வளவு பெரிய பாவம்.

ஆடி மாசம் லண்டன்ல இருந்து மச்சான் லீவுல வந்தவரு, அங்க சேர்ச், ஹோல் எல்லாத்துக்கும் இந்த வேலைதான் செய்றவரு, கையில காந்தப்புலம் அளக்கிற மீற்றரும் கொண்டு வந்தவரு. முதல்ல அம்ப்ளிபயர ஓஃப் பண்ணிட்டு காது மெசின் ஒன்ட "டி"யில வெச்சு மண்டபம் முழுக்க நடந்தாரு. ஊ என்டு 50 ஹேர்ட்ஸ் உறுமல், அதாவது லைட்டுக்குப் போற கரண்ட்ட உறுமல், பேச்சே இல்லாம. வயரிங்ல நியூட்ரலும் எர்த்தும் ஒரு இடத்தில பிழையா சேந்து கிடந்திரிக்கு. எந்த இடத்திலயும் வயர் இழுக்கமுன்னம் செய்ய வேண்டிய முதல் வேலையே இதுதான், எங்கட ஆள் செய்யவே இல்ல. மறுகா பெட்டியில ஸ்டிக்கர மெதுவா உரிச்சாரு, கீழ சாதாரண லவுட்ஸ்பீக்கர் அம்ப்ளிபயர்ட பேர், பின்னால 4 தொடக்கம் 8 ஓம் என்டு அடிச்சிரிக்கு. எங்கட வயர மல்டி மீற்றரால பாத்தா 1.4 ஓம். ஓம் என்டது தடைட அளவு, அது குறைஞ்சா பெட்டியில இருந்து கரண்ட் கூட இழுக்கும். சுமை தாங்காமத்தான் சூடாகி நின்டு நின்டு போயிரிக்கு.

அம்மா சொன்ன "அடை" கதைக்கும் காரணம் அந்தப் பெட்டிக்குள்ளயேதான். நீளமா சுத்தின வயர், சத்தத்தின்ட சுருதி மேல போகப் போக கரண்ட தடுக்கும், சாதாரண அம்ப்ளிபயர் அத ஈடுகட்டாது, அப்ப மெல்லிசாக் கேக்கிற ச, த, க எல்லாம் கரைஞ்சு போயிரும். சரியான லூப் அம்ப்ளிபயர் தடை கூடினாலும் கரண்ட குறையாமத் தள்ளும். ஐ.ஈ.சி. 60118-4 என்டு இதுக்கு ஒரு சர்வதேசத் தரம் இரிக்கு, பேச்சு உச்சத்துக்குப் போற நேரம் காந்தப்புலத்தின்ட பலம் ஒரு மீற்றர் நீளத்துக்கு 400 மில்லி அம்பியர் என்டு வரோணும், 100ல இருந்து 5000 ஹேர்ட்ஸ் வரைக்கும் 3 டெசிபலுக்கு மேல கூடவோ குறையவோ ஒண்ணா. எங்கட நடுக் கதிரையில மச்சான் பிடிச்ச நேரம் 60 கூட வரல்ல. தகரமும் இரும்புச் சட்டமும் மிச்சத்த தின்டிரிக்கு. சுவரோரம் மட்டும் நல்லாக் காட்டிச்சி, அந்த மனுசன் ஏன் சுவரோட ஒட்டி நின்டாரு என்டு அப்பதான் விளங்கிச்சி.

மச்சான் வயர கழட்டி, நல்ல தடிப்பான வயரா நிலத்தோட சுவரோரமா ஓட விட்டாரு. இருக்கிற ஆள்ட காது நிலத்தில இருந்து நாலடி உயரத்தில இரிக்கும், வயர் காது மட்டத்தில இல்லாம கொஞ்சம் கீழயோ மேலயோ இருந்தாத்தான் புலம் எல்லா இடமும் சமனா விழும். அம்ப்ளிபயர்ல இருந்து லூப்புக்குப் போற ரெண்டு வயரையும் முறுக்கி எடுத்தாரு, மைக் வயர தள்ளி வெச்சாரு. எலக்ட்ரீசியன் நியூட்ரல திருத்தினாரு. அம்ப்ளிபயர் வேற ஒன்டு வரவழைச்சம். மறுகா கதிரை கதிரையா இருந்து அளந்து, ஒவ்வொருத்தரையும் மெசினோட இருத்தி, அம்மா பேப்பர வாசிக்க அவங்க திருப்பிச் சொன்னாங்க. கடை, சடை, தடை மூண்டும் வந்திச்சி.

காசி திரும்பி வரல்ல. ரிசீட்ல "சவுண்ட் சிஸ்டம் 1" என்டு மட்டும்தான் எழுதிரிக்கு, மொடலும் இல்ல, என்ன வேலை என்டும் இல்ல. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதிக் குடுத்திரிக்கம், ஸ்டிக்கர் உரிச்ச ஃபோட்டோவோட. நீங்க போடுறதென்டா அம்ப்ளிபயர்ட பேர், மொடல், எந்தத் தரத்துக்கு பூட்டுறாரு, எந்தெந்தக் கதிரையில அளந்து காட்டுவாரு எல்லாத்தையும் கொட்டேசன்லயே எழுதி வாங்குங்க, மிச்சக் காசிய காது மெசின் போட்ட ஆக்கள் நடுவில இருந்து கேட்டதுக்குப் பிறகு குடுங்க.

அவரு இப்ப கல்முனை, காரைதீவு, திருக்கோவில் பக்கம் கோயில் சபைகளுக்கு கொட்டேசன் குடுத்துத் திரியிறதா கேள்விப்பட்டன். அதே கறுத்தப் பெட்டிதான். உங்கட இடத்துக்கு வந்தா ஸ்டிக்கர்ட மூலைய நகத்தால கொஞ்சம் கிளப்பிப் பாருங்க, எங்கட ஃபோட்டோ தேவையென்டா கேளுங்க, அனுப்பிறன்.