பாலை நிலத்தில் நாயை ஏற்றிச் சென்ற டிரெய்லர்: 18 நாள் பயணத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

மிதிவண்டியின் பின்னால் பூட்டி நாயை அமரவைத்து இழுத்துச் செல்லும் இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றை, 18 நாட்களில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தூரம், பாதிக்கு மேல் தார் போடாத பாலை நிலச் சாலைகளில் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அலுமினியக் குழாய்ச் சட்டம், 20 அங்குலச் சக்கரங்கள், நான்கு புறமும் வலைத்துணி, முன்புறம் சுருட்டி வைக்கக்கூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரை ஆகியவை கொண்ட இந்த வண்டியின் சொந்த எடை 13 கிலோ. 30 கிலோ வரை ஏற்றலாம் என்று உடன் வந்த கையேடு சொல்கிறது. என் பெண் நாயின் எடை 14 கிலோ.

இத்தகைய வண்டியை வாங்குவோர் பெரும்பாலும் சக்கரத்தையும் சட்டத்தையும்தான் முதலில் பார்ப்பார்கள். பாலை நிலத்துக்குப் போவதாக இருந்தால் காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் சிறிதளவு வியர்வை உண்டு என்றாலும், அது உடலைக் குளிர்விப்பது முக்கியமாக நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே. அதன் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை இருக்கும்; 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே உள்ளே காற்று தேங்கினால் நிழல் மட்டும் அதைக் காப்பாற்றாது. இந்த வண்டியின் வலைத்துணி அந்த வகையில் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் முன்புறப் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டால், வெயில் உள்ளே புகுந்து வெப்பம் வெளியேற வழியின்றிச் சிறிது நேரத்திலேயே உட்புறம் புழுங்கிவிடுகிறது. திரையைச் சுருட்டியே வைத்தேன். அதற்கு விலையாக மிதிவண்டியின் பின்சக்கரம் வாரியெறியும் பொடிக்கற்கள் நாயின் முகத்தை நோக்கி வந்தன. பின்சக்கரத்தின் மட்கார்டில் தரைக்குச் சற்று மேல்வரை தொங்கும் ஒரு ரப்பர்த் துண்டைக் கட்டிய பிறகுதான் அது நின்றது. இன்னொன்றையும் நான் வழியில்தான் கற்றேன்: பின்காற்று நமக்கு இன்பமானது, நாய்க்கு அல்ல. நாம் போகும் அதே வேகத்தில் பின்னாலிருந்து காற்று வீசினால் வண்டிக்குள் காற்றோட்டமே இருக்காது. அப்படிப்பட்ட காலைகளில் அரைமணிக்கொருமுறை நிறுத்தி, அவளை இறக்கி, வயிற்றையும் தொடையிடுக்கையும் நீரால் நனைத்தேன். வறண்ட காற்றில் அந்த ஈரம் வேகமாக ஆவியாகி உடலை நன்கு குளிர்விக்கிறது.

இந்த வண்டியின் பெரிய குறை அதன் தரைதான். மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, கலைந்திருந்த விரிப்பைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டபோது, தரைத்துணியின் மேல் கையை வைத்திருக்க முடியவில்லை. கூரைக்கு இரட்டைத் துணியும் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளிப்பூச்சும் கொடுத்தவர்கள், தரைக்கு ஒற்றைக் கறுப்புத் துணியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சாலைக்கும் அந்தத் துணிக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. நல்ல வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்போ 60 டிகிரியை எட்டக்கூடியது. காலையில் வெயில் இன்னும் தாங்கக்கூடியதாகத் தோன்றிய நேரத்திலேயே அவள் படுத்திருந்த இடம் கீழிருந்து சுட்டுக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பதைக்கிறது. அன்று மாலையே, என் படுக்கைக்காகக் கொண்டுவந்த நுரைப்பாயில் ஒரு துண்டை வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டிய பக்கம் சாலையைப் பார்க்கும்படி தரைத்துணிக்குக் கீழே, இரண்டு விரற்கடை இடைவெளி விட்டுக் கட்டினேன். அதன்பின் தரை சுடவில்லை. தயாரிப்பாளர்கள் மிகச் சிறிய செலவில் செய்திருக்கக்கூடிய வேலை இது.

எடைக் கணக்கும் எச்சரிக்கையோடு போட வேண்டியது. எனக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர், அவளுக்கு 2 லிட்டர் எனக் கொண்டால், இரண்டு நாள் நீர் மட்டுமே 18 கிலோ. இதை முழுவதும் டிரெய்லரில் ஏற்றினால் நாயோடு சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். பத்து லிட்டரை மட்டும் அதில், அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்வாக வைத்தேன். நாய் பின்பக்கம் நகர்ந்து பாரம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், இறக்கத்தில் வண்டி பாம்புபோல் நெளிகிறது. உள்ளிருக்கும் வாரைச் சற்றுக் குட்டையாகக் கட்டுவதே அதற்கு மருந்து.

சக்கரங்கள் தார்ச்சாலைக்கு ஏற்றவை, மணலுக்கு அல்ல. மணல் கூடிய இடங்களில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். நெருஞ்சி முள் முதல் வாரத்திலேயே ஐந்து பஞ்சர்களைத் தந்தது. டியூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிய பிறகு ஒன்றுகூட இல்லை. தகரக் கூரைபோல் அலையலையாக இறுகிய மண்சாலைகளில், பின்னச்சில் பூட்டும் இணைப்புக் கை அசையாமல் நின்றது பாராட்டத்தக்கது. ஜிப்புகளில் நுண்மணல் ஏறிச் சிக்கிக்கொள்வதால், நாள்தோறும் தூரிகையால் துடைத்து மெழுகு தேய்க்க வேண்டியிருந்தது.

விடியலுக்கு முன் கிளம்பி, வெயில் ஏறுமுன் நிறுத்திவிடுபவர்களுக்கு, தரையை மாற்றியமைக்கும் நிபந்தனையோடு, இந்த வண்டியைப் பரிந்துரைக்கிறேன். மூக்கு சப்பையான இனத்து நாய்களையும், வயதான நாய்களையும் இந்த வண்டியில் மட்டுமல்ல, எந்த வண்டியிலும் வைத்துக் கோடையில் பாலை நிலத்துக்குக் கூட்டிச் செல்ல வேண்டாம். அவற்றால் மூச்சிரைத்துத் தம்மைப் போதிய அளவு குளிர்வித்துக்கொள்ள இயலாது. திடமான நாயாக இருந்தாலும், அது இறங்கி நடக்கும் முன் புறங்கையைச் சாலையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள்; நமக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

இரவில் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைக் கூடாரத்தின் அருகே அவளுடைய படுக்கையாக வைத்தேன். பகலில் 35 டிகிரியாக இருந்த இடம் பின்னிரவில் 10 டிகிரிக்கும் கீழே போனது. பகலெல்லாம் சாலையின் சூட்டைத் தடுத்த அதே நுரைப்பாய், குளிர்ந்த மண்ணின் மேல் அவளை விடியும்வரை நடுங்காமல் உறங்க வைத்தது.