வெறும் பச்சை வரைபடத்தில் ஏழு ஆண்டுகள்

பச்சைத் தரை, அதன் குறுக்கே ஒரு சாம்பல் நிறக் கோடு, நடுவில் நான். வெளியே நடந்து திரிந்து கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் கைபேசி விளையாட்டான போகிமான் கோ செயலியை 2017இல் முதன்முதலாகத் திறந்தபோது திரையில் தெரிந்தது இவ்வளவுதான். ஏதோ கோளாறு என்று நினைத்து இரண்டு முறை அழித்துவிட்டு மீண்டும் நிறுவிப் பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை. ஆள் குறைந்த கிராமப்புறம் அந்த விளையாட்டில் அப்படித்தான் தெரியும்.

காரணம் பிறகுதான் புரிந்தது. அதே நிறுவனத்திடமிருந்து 2012இல் வந்த இன்கிரஸ் விளையாட்டை ஆடியவர்கள் தங்களைச் சுற்றியிருந்த சிலைகள், நூலகங்கள், சுவரோவியங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். 2016இல் போகிமான் கோ வெளியானபோது அதன் ஸ்டாப்புகளிலும் (பொருள்கள் கிடைக்கும் இடங்கள்) ஜிம்களிலும் (போகிமான்கள் மோதும் இடங்கள்) பெரும்பகுதி அந்தத் தொகுப்பிலிருந்து வந்தவைதாம். இன்கிரஸ் ஆட ஆளே இல்லாத பகுதிக்கு அதில் என்ன இடம் இருந்திருக்கும்?

எனக்கு மிக அருகிலிருந்த ஸ்டாப் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது. போகிமானைப் பிடிக்க எறியும் பந்துகள் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் ஸ்டாப்பில்தான். அரிய போகிமான் ஒன்று கண்ணெதிரே நின்று குதிக்கும். எறிவதற்குக் கையில் எதுவும் இருக்காது. 2018 ஜூனில் நண்பர்களுக்குப் பரிசு அனுப்பும் வசதி வந்த பிறகே மூச்சு விட முடிந்தது. பரிசைத் திறந்தாலே பந்து வரும். ஆனால் பரிசை அனுப்ப வேண்டுமானால் ஸ்டாப் அருகே போய் அதன் வட்டைத் திரையில் சுற்ற வேண்டும். அதனால் முகம் தெரியாத பலருக்கும் நான் வாங்க மட்டுமே தெரிந்த நண்பனாக இருந்தேன். இன்றும் சிறிது கூச்சம் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் நகரத்துக்காரர்களைவிட நமக்கு யோகம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை; அதற்குத் தேவை திறந்த வானம். உயர்ந்த கட்டடங்களில் பட்டு எதிரொலிக்கும் சிக்கல் இங்கே இல்லை என்பதால், நான் நிற்கும் இடத்திலேயே என் உருவமும் அசையாமல் நிற்கும். ஆனால் பந்தை எறிந்ததும் சர்வரிடமிருந்து பதில் வர வேண்டுமே! பந்து மூன்று முறை ஆடும், பிறகு திரை உறையும், பிறகு ஒன்றும் இருக்காது. வழியில் எந்தத் திருப்பத்தில் இணையம் வரும், எந்த மேட்டைத் தாண்டினால் போய்விடும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தை எட்டுவதற்குக் கூடுதல் சக்தியைச் செலவழிப்பதால் பேட்டரியும் மளமளவென்று இறங்கும். பவர் பேங்க் இல்லாமல் கிளம்புவதே இல்லை.

கிராமப்புற ஆட்டக்காரருக்கு உண்மையில் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, 2018 நவம்பரில் வந்த அட்வென்சர் சிங்க் என்ற வசதி. விளையாட்டை மூடி வைத்திருந்தாலும் நடந்த தூரம் கணக்கில் சேரும், முட்டைகள் பொரியும். இன்னொன்று, 2022இல் வந்த தினசரி ஊதுபத்தி என்ற விளையாட்டுப் பொருள். பதினைந்து நிமிடம் விடாமல் நடந்தால், வெறும் வரைபடத்திலும் போகிமான்கள் வந்துகொண்டே இருக்கும். வலிமையான ஒரு போகிமானோடு மோதும் ரெய்டு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் சேர்ந்து வெல்ல வேண்டியதைத் தனியாளாக வெல்ல முடியாது. 2020இல் தொலைவிலிருந்து சேரும் வசதி வந்தபின் ஏதோ சில வென்றேன்.

ஸ்டாப்புகளை நாமே பரிந்துரைக்கலாம் என்று தெரிந்தபோது துள்ளிக் குதித்தேன். அந்த உரிமை தொடக்கத்தில் 40ஆம் நிலையை எட்டியவர்களுக்குத்தான். வேடிக்கையைப் பாருங்கள்: ஸ்டாப் இல்லாதவன்தான் அந்த நிலையை அடைய அதிக காலம் எடுத்துக்கொள்வான், ஸ்டாப் தேவைப்படுபவனும் அவன்தான். பின்னர் அந்த வரம்பைத் தளர்த்தினார்கள்.

முதலில் ஒரு பெரிய மரத்தை அனுப்பினேன். நிராகரிப்பு. இயற்கையாக நிற்கும் மரம் மட்டும் போதாது, அதை அடையாளப்படுத்தும் பலகை போன்ற ஏதாவது வேண்டும் என்ற விதியைப் படிக்காமல் அனுப்பியது என் தவறு. அடுத்தது ஒரு சிறு நூலகம். படம் மங்கல், அதுவும் போயிற்று. தீர்ப்புச் சொல்பவர்கள் அந்த இடத்தை ஒருபோதும் பார்த்திராத வேறு ஆட்டக்காரர்கள். செயற்கைக்கோள் படத்திலோ அது ஒரு மங்கிய புள்ளி. ஆகவே மூன்றாவது முறை, சுற்றுப்புறம் முழுவதும் தெரியும்படி தள்ளி நின்று இன்னொரு படமும் எடுத்துச் சேர்த்தேன். சிறுவர் விளையாட்டு மைதானம். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு காலையில் அங்கே ஸ்டாப்பின் நீல வட்டம் சுழன்றுகொண்டிருந்தது, நான் எடுத்த படத்துடன். அன்று அதை எத்தனை முறை சுற்றினேன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் படங்களை எடுக்கும்போது, நிலம் அளக்க வந்த அதிகாரி என்று நினைத்து ஒரு பெரியவர் தம் எல்லைக் கல்லைக் காட்ட என்னை அழைத்துப்போனார். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். நம்பவில்லை. இருட்டிய பிறகு வரப்புகளில் போனைப் பார்த்தபடி நடப்பதை விட்டுவிட்டேன். ஒரு முறை கால்வாயில் விழுந்தது போதும்.

போன மாதம் அரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்தே ஒன்றைப் பார்த்தேன். மைதானத்து ஸ்டாப்பைச் சுற்றி இளஞ்சிவப்பு இதழ்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. போகிமான்களை ஈர்க்க ஸ்டாப்பில் யாரோ லூர் வைத்ததன் அடையாளம் அது. அங்கே லூர் வைப்பது என்னைத் தவிர யாருமில்லை. அன்று நான் வைக்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்வதற்குள் லூரின் அரை மணி நேரம் முடிந்து இதழ்கள் நின்றுவிட்டன. மைதானத்தில் ஒருவரும் இல்லை.