ரப்பர் தோட்டத்துச் சேற்றுக்கு எந்த வின்ச்: கையால் இழுப்பதா, வண்டியில் பூட்டியதா?

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் ஜீப் சிக்கும் விதமே வேறு. சரிவை வெட்டி எடுத்த பாதையின் வெளி ஓரம் மழையில் இளகிக் கிடக்கும். பின் சக்கரம் ஒன்று வழுக்கி இறங்கியதும் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றுவிடும். அப்போது தேவைப்படுவது மேட்டுப் பக்கம் இழுப்பது, அல்லது வந்த வழியே பின்னால் இழுப்பது. வின்ச் என்பது ரோப் கட்டி வண்டியை இழுக்கும் மெஷின். முன் பம்பரில் பூட்டிய மோட்டார் வின்ச் நேராக இழுப்பது முன்னால் மட்டும்தான். வின்ச் வாங்க நினைக்கும் குமரி மாவட்டத்துக்காரர்கள் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். எத்தனை பவுண்டு இழுக்கும் என்பதெல்லாம் பிறகு.

கை வின்ச் கேட்டால் கடையில் இரண்டு விதமான சாமான் எடுத்து வைப்பார்கள். ஒன்று ராட்செட் புல்லர், பல்சக்கரத்தால் ரோப்பை இழுப்பது. '2 டன்', '4 டன்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரோப் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் இருக்காது. வேலிக் கம்பி இழுக்கவும் லோடு இறுக்கவும் நன்றாக உதவும். வண்டி மீட்க இதை வாங்க வேண்டாம். பாரம் ஏறிய நேரத்தில் பல்சக்கரத்தின் பல் ஒன்று மழுங்கினால் போதும், கைப்பிடி திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

வாங்க வேண்டியது டிர்ஃபர். டிராக்டெல் கம்பெனியின் பிராண்ட் பெயர் அது. இப்போது அந்த வகை மெஷின் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது. உள்ளே இரண்டு ஜோடித் தாடைகள் உண்டு. ஒரு ஜோடி ரோப்பைக் கவ்வி இழுக்கும்போது மற்றது விட்டுவிட்டு முன்னே நகரும், கிணற்றுக் கயிற்றைக் கை மாற்றி இழுப்பது போல. ரோப் டிரம்மில் சுற்றாமல் மெஷினுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். அதனால் முதல் மீட்டரில் இருக்கும் இழுவை கடைசி மீட்டரிலும் அப்படியே இருக்கும். 1.6 டன் மாடலுக்கு 11 மி.மீ. சொச்சம் தடிமனுள்ள ரோப். வழக்கமாக 20 மீட்டர் தருவார்கள். மெஷின் மட்டும் மாடலைப் பொறுத்து 14 முதல் 20 கிலோ வரை வரும். கைப்பிடியை ஒருமுறை முன்னும் பின்னும் தள்ளினால் ரோப் சுமார் 5 செ.மீ. நகரும். ஒரு மீட்டருக்கு 20 தள்ளு, ஐந்து மீட்டருக்கு நூறு. இரண்டு பேர் மாறி மாறித் தள்ளினால் முடிந்துவிடும் வேலைதான். தனி ஆளுக்கு, ஆடி மழையில், கஷ்டம்.

1.6 டன் போதுமா? சக்கரம் வரை சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க, ஏறக்குறைய அதன் முழு எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு வரை இறங்கிவிட்டால் இரண்டு மடங்கு. 30 டிகிரி ஏற்றத்தில் மேல்நோக்கி இழுப்பதாக இருந்தால் எடையில் பாதியை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மாருதி ஜிப்ஸியின் வெறும் எடை ஒரு டன்தான், நேராகவே வந்துவிடும். ஆளும் சாமானும் ஏறிய மஹிந்திரா தார் ஜீப் 2 டன்னைத் தாண்டும். அதற்குக் கப்பி ஒன்று கட்டாயம். கப்பியை வண்டியில் மாட்டி, ரோப்பின் முனையைத் திரும்பவும் மரத்துக்கே கொண்டுவந்து கட்டினால் இழுவை ஏறத்தாழ இரட்டிக்கும், உராய்வில் கொஞ்சம் போகும், வேகம் பாதியாகும். எதுவானாலும் முதலில் மம்பட்டி எடுத்துச் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சேற்றை வழித்துவிடுங்கள். பத்து நிமிட மம்பட்டி வேலை பாதிப் பாரத்தைக் குறைத்துவிடும்.

இனி மோட்டார் வின்ச். பெட்டியில் 9,500 பவுண்டு என்று போட்டிருப்பது சுமார் 4.3 டன். அந்தக் கணக்கு டிரம்மில் ரோப்பின் முதல் அடுக்குக்கு மட்டுமே. ரோப் முழுக்கச் சுற்றி நான்காவது அடுக்கில் இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும். மரம் பக்கத்தில் இருந்தால் கப்பி போட்டு ரோப்பை அதிகம் வெளியே விடுங்கள். அதற்காக முழுதும் விட்டுவிடக் கூடாது. ஸ்டீல் ரோப்பாக இருந்தால் டிரம்மில் ஐந்து சுற்றாவது இருக்க வேண்டும், சிந்தெடிக் என்றால் எட்டு பத்து.

முழுப் பாரத்தில் இந்த மோட்டார் 400 ஆம்பியர் அளவுக்கு உறிஞ்சும். இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது சுமார் 100. மீதி எல்லாம் பேட்டரியிலிருந்துதான். அதனால் இன்ஜினை ஓட விட்டு, ஒரு நிமிடம் இழுத்து, மோட்டார் ஆற விட்டு மறுபடி இழுக்க வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே, மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்று வைப்பதில் காசு பார்க்காதீர்கள். மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் ரிமோட்டை விட்டாலும் டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அந்த ஒரு சுவிட்ச்தான் கை கொடுக்கும். இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுபோன வண்டியில் மோட்டார் வின்ச்சை நம்பிப் பயனில்லை, பேட்டரி சீக்கிரமே படுத்துவிடும். டிர்ஃபருக்கு இந்தக் கவலை கிடையாது.

இன்னொரு தலைவலி பம்பர். வின்ச்சைத் தாங்க முன்னால் கனத்த இரும்பு பம்பர் வைப்பார்கள். கிராஷ் கார்டு, புல் பார் என்று முன்னால் பூட்டும் இரும்புச் சட்டங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின் தடையும் இருக்கிறது. களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் அடிக்கடி போகிறவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏர்பேக் உள்ள வண்டியில், கனத்த பம்பர் அதன் சென்சாரைக் குழப்பும் ஆபத்தும் சேரும். டிர்ஃபர் சாக்கில் கட்டி டிக்கியில் கிடக்கும். யாரும் எதுவும் கேட்க முடியாது.

எந்த வின்ச்சாக இருந்தாலும் மரத்தில் கட்டும் விதத்தில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டைக்குள், உள்தோலை ஒட்டி ஓடுகின்றன. வயர் ரோப்பை நேராகச் சுற்றி இழுத்தால் அந்தப் பட்டை நசுங்கிவிடும், அந்த இடத்தில் பால் வெட்டு போச்சு. குறைந்தது 75 மி.மீ. அகலமுள்ள பெல்ட்டை, வெட்டுப் பட்டைக்கு நன்றாகக் கீழே, தரையை ஒட்டிக் கட்டுங்கள். பால் வெட்டு தொடங்காத இளமரம் வேண்டவே வேண்டாம், 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வந்த பிறகுதான் ஒட்டு மரத்தில் கத்தி வைக்கிறார்கள், அதற்கும் சிறிய மரம் இரண்டு டன்னுக்கு எப்படித் தாங்கும்? தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, தண்டில் பட்ட காயம் ஆறவும் ஆறாது. அதையும் அடியில்தான் கட்ட வேண்டும். ஒரே ரோப்பைக் கப்பி வழியாகத் திசை திருப்பும்போது கப்பி தொங்கும் மரத்தின் மேல் இரண்டு மடங்கு வரை பாரம் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

சொத்தவிளை, மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் கட்ட மரமே கிடைக்காது. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் கட்டுவது அடுத்தவர் பிழைப்போடு விளையாடுவது. இழுக்கும் திசைக்குக் குறுக்கே ஒரு மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, பெல்ட் சுற்றிய ஸ்டெப்னியைப் புதைத்து, மணலை மிதித்து இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் டயர் காற்றைக் குறைத்துப் பாருங்கள். மணலில் பாதி நேரம் வின்ச்சுக்கே வேலை இருக்காது.

ரோப் இறுகியதும், அறுந்தால் துள்ளாமல் அமுக்க, நடுவில் நனைத்த சாக்கு ஒன்றைப் போடுங்கள். ரோப்பின் நீளத்துக்குள் யாரையும் நிற்க விடாதீர்கள். ஸ்டீல் ரோப்பைத் தோல் கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

முதல் வின்ச்சாகக் கேட்டால் தோட்டக்காரருக்கும், இரண்டு மூன்று பேராகப் போகிறவருக்கும் 1.6 டன் டிர்ஃபர், ஒரு கப்பி, இரண்டு பெல்ட், இவற்றைக் கோர்க்கும் இரும்பு வளையமான ஷேக்கிள் நான்கு போதும். மோட்டார் வின்ச் செட்டுக்கு ஆகும் செலவில் இதெல்லாம் வாங்கி மிச்சமும் இருக்கும். 2017-ல் ஓக்கி புயல் வந்தபோது போல ரப்பர் மரங்கள் பாதையில் சாய்ந்தால், அதை இழுத்து ஒதுக்கவும் இதுவே உதவும். வாரா வாரம் தனியாக மலையேறுகிறவருக்கும், இழுத்துத் தள்ள உடம்பு ஒத்துழைக்காதவருக்கும் மோட்டார் வின்ச்தான் சரி. அவர்கள் ஏற்றிய எடையைப் போல ஒன்றரை மடங்கு திறனும், சிந்தெடிக் ரோப்பும் பார்த்து வாங்கலாம்.

டிர்ஃபரைக் கெடுப்பது மணல். ரோப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் மணலும் செம்மண்ணும் தாடைக்குள் ஏறி, கவ்வாமல் வழுக்கும். கீழே தார்ப்பாய் விரியுங்கள். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, 90 கியர் ஆயில் தாராளமாக விடுங்கள். கிராஃபைட், மாலிப்டினம் கலந்த கிரீஸ் மட்டும் ஆகாது, தாடைக்குப் பிடிமானமே போய்விடும். கடற்கரைக்குப் போய் வந்த மோட்டார் வின்ச்சுக்கு ரோப் முழுவதையும் வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

வாங்கும்போது ஷியர் பின் பத்தாவது சேர்த்துக் கேளுங்கள். பாரம் அளவு மீறினால் முன்னோக்கித் தள்ளும் லீவரில் இந்தப் பின்கள்தான் முதலில் முறியும், அதற்காகவே வைத்தவை அவை. முறிந்த பிறகும் பின்னோக்கும் லீவரால் ரோப்பைத் தளர்த்த முடியும். பின் தீர்ந்ததும் ஆணியைச் செருகித் தள்ளும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆணி முறியாது, அதற்குப் பதில் ரோப் அறும், இல்லை கொக்கி விரியும், எதிரே நிற்பவர் மேல் வந்து விழும்.