மடிப்பாக்கத்தில் பூங்கா இடத்துக்கு ஆட்சேபணை: 64,000 ரூபாயும் போயிற்று, கெடு நாளும் போயிற்று

இதை எழுதும்போது எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. எங்கள் தெரு நலச் சங்கம் கொடுத்த 64,000 ரூபாய்க்கு ஒரு வரி ஆட்சேபணைகூட எங்கும் போய்ச் சேரவில்லை என்பது நேற்று மாலை நான்கு மணிக்குத்தான் உறுதியானது. அந்தப் பணம் என்னுடையது மட்டுமாக இருந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன். 32 வீடுகளின் கதவை நானே தட்டி, வீட்டுக்கு 2,000 வீதம் வாங்கிய பணம் அது. ஓய்வூதியத்தை நம்பி வாழ்பவர்கள் கொடுத்திருக்கிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களும், பிள்ளைகள் விளையாடுகிற இடமாயிற்றே என்று கொடுத்திருக்கிறார்கள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். மடிப்பாக்கம் ஊராட்சியாக இருந்த காலத்தில், 1986-இல், ஒப்புதல் பெற்றுப் போடப்பட்ட 54 மனைகள் கொண்ட மனைப்பிரிவு எங்களுடையது. அதில் ஏறத்தாழ ஆறு கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) பூங்காவுக்கென்று விடப்பட்டது. 2011 அக்டோபரில் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியை விரிவாக்கியபோது மடிப்பாக்கமும் சென்னைக்குள் வந்தது. பூங்கா என்று பெயர்தானே தவிர, அங்கே இரண்டு வேப்பமரங்கள், ஒரு பழைய கிணறு, பிள்ளைகள் நட்டு வைத்த கிரிக்கெட் குச்சிகள், இவ்வளவுதான் உண்டு. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருத் தண்ணீரின் பெரும்பகுதி அந்தத் திறந்த மண்ணில்தான் வடிந்தது என்பது அப்போது இங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத் தடம் மடிப்பாக்கம் வழியாக வருகிறது என்றானதிலிருந்து இங்கே ஒரு கிரவுண்டு கோடியைத் தாண்டிப் பேசப்படுகிறது. ஆறு கிரவுண்டு காலி இடம் யாருடைய கண்ணையும் உறுத்தாமல் இருக்க முடியாது.

மனைப்பிரிவு போட்டவரின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிற ஒருவர், அந்த இடத்தைத் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மாற்றக் கேட்டு எழும்பூரில் உள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் விண்ணப்பித்திருந்தார். அதற்கு ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தில், திருமண மண்டப விளம்பரத்துக்குக் கீழே வந்திருந்தது. எங்கள் கண்ணில் அது பட்டபோதே ஐந்து நாள் கழிந்துவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவண நகல் கேட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. எங்களுக்கு மிச்சம் இருந்ததோ 16 நாள். இந்தக் கணக்குதான் எங்களைப் பதற வைத்தது. இப்படிப் பதறுகிறவர்களை எதிர்பார்த்துத்தான் சிலர் கடை விரித்திருக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது.

நான் நம்பிப் போனது நிலம், வீடு தொடர்பான ஆவணங்களை எடுத்துத் தருவதாகவும் சட்டக் கருத்து எழுதித் தருவதாகவும் சொல்கிற ஓர் இணையவழிச் சேவைத் தளம். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் புகார் நிலுவையில் இருக்கிறது என்பது ஒரு காரணம். இந்த வகைத் தளங்களில் ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும் என்பது இன்னொரு காரணம்.

எந்த நொடியில் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அங்கேதான் வழுக்குவீர்கள். முதல் காணொளி அழைப்பிலேயே அந்த அலுவலர் எங்கள் புல எண்ணைக் கேட்டு, திரையில் எங்கள் தெருவின் படத்தை விரித்து, "உங்கள் கிணறு வடகிழக்கு மூலையில் இருக்கிறது, சரிதானே சார்?" என்று கேட்டார். செயற்கைக்கோள் படத்தில் யாரும் பார்க்கக்கூடிய கிணறு அது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு, எங்கள் தெருவுக்கே வந்து பார்த்துவிட்டுப் பேசுகிற மனிதர் என்று தோன்றியது. பிறகு ஓ.எஸ்.ஆர். (மனைப்பிரிவில் பொதுவுக்கென விடும் திறந்தவெளி), தானப் பத்திரம், நிலப் பயன் மாற்றம், உறுப்பினர் செயலர் என்று சொற்களை அடுக்கினார். இத்தனை தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்துவிட்டேன். ஏமாற்றுவதற்கும் அதே சொற்கள்தான் தேவைப்படும் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் தெருவின் ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மா ஒருவர் மட்டும், "தம்பி, எழும்பூர் என்ன டெல்லியா? நீங்கள் ஒருநாள் விடுப்பு எடுத்தால் நானும் வருகிறேன், இருவரும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம்" என்றார். இதை அந்த அலுவலரிடம் சொன்னபோது, "நேரில் போனால் உங்களை மேஜை மேஜையாக அலைய விடுவார்கள் சார், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்" என்றார். அம்மாவிடம் அதையே நான் திருப்பிச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் சான்றிட்ட நகல், பூங்கா இடத்தை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரத்தின் நகல், வழக்கறிஞரின் சட்டக் கருத்து, உரிய அலுவலகத்தில் ஆட்சேபணையைச் சேர்த்து முத்திரையிட்ட ஒப்புகை ஆகிய நான்குக்கும் சேர்த்து 40,000 ரூபாய் என்றார்கள், அன்றே அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, கெடு நெருங்குவதால் கோப்பை முன்னுரிமைப் பிரிவுக்கு மாற்ற 24,000 ரூபாய் அவசரக் கட்டணம் வேண்டும் என்றார்கள். அதையும் அனுப்பினேன். பணம் போனது நிறுவனத்தின் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபரின் கணக்குக்கு என்பதைக் கைப்பேசித் திரை எனக்குத் தெளிவாகவே காட்டியது. கேட்டபோது, அவர் எங்கள் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர் என்று பதில் வந்தது. ரசீதில் ஜி.எஸ்.டி. எண் இல்லை. மொத்தம் 64,000 ரூபாய்.

அதன் பிறகு அந்த அலுவலரின் குரலை நான் கேட்கவே இல்லை. முதலில், அவர் விடுப்பில் இருக்கிறார் என்றார்கள். பிறகு, உங்கள் கோப்பு வேறொரு பொறுப்பாளரிடம் மாற்றப்பட்டது என்று செய்தி வந்தது. அந்த வேறொருவர் இரண்டு நாள் ஒவ்வொரு செய்திக்கும் கைகூப்பும் படம் ஒன்றை மட்டும் பதிலாக அனுப்பினார். மூன்றாவதாக வந்த பெண், உங்கள் புகார் எண்ணைச் சொல்லுங்கள் என்றார். சொன்னதும், அது பழைய எண், புதிய எண் பெற்றுக்கொண்டு அழையுங்கள் என்று வைத்துவிட்டார். சட்டக் குழு பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் ஒன்பது முறை பெற்றிருக்கிறேன். நேற்று இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து எண்ணினேன்.

அறிவிப்பு வந்த பதினெட்டாம் நாள் ஒருவழியாகக் கோப்பு என்று ஒன்று மின்னஞ்சலில் வந்தது. அதிலிருந்த வரைபடத்தின் மூலையில், பெருநகரப் பகுதிக்கு வெளியே ஒப்புதல் தருகிற நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இருந்தது. மடிப்பாக்கம் அன்றைய 1,189 சதுர கிலோமீட்டர் சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் அடங்கியது. இங்கே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுத்தது பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதன் எண் பி.பி.டி./எல்.ஓ. என்று தொடங்கும். வேறு ஏதோ மாவட்டத்து வரைபடத்தை எடுத்துத் தெருப் பெயரை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். சட்டக் கருத்து என்று வந்த மூன்று பக்கங்களில் ஒரு பத்தி, குத்தகைதாரர் மாத வாடகையை ஐந்தாம் தேதிக்குள் செலுத்த வேண்டும் என்று சொன்னது. பூங்காவுக்கு யார் குத்தகைதாரர், எனக்குத் தெரியவில்லை. பெங்களூரு வழக்கொன்றில், பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது, இந்த விஷயத்தில் யாரும் முதலில் எடுத்துக் காட்டுகிற தீர்ப்பு. அதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

நான் கத்தியதும், இவை வரைவுகள்தான், திருத்திய ஆட்சேபணை விரைவுத் தபாலில் போய்விட்டது என்று ஒரு கண்காணிப்பு எண்ணைக் கொடுத்தார்கள். நான் அதை நம்பி இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. கெடு முடிந்த வெள்ளிக்கிழமை இரவு அந்த எண்ணை அஞ்சல் துறைத் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அந்தத் தபால், நாங்கள் இந்தச் சேவைத் தளத்தின் பெயரையே கேள்விப்படுவதற்கு ஒன்பது நாள் முன்பு அனுப்பப்பட்டு, சேலத்தில் யாருக்கோ கொடுக்கப்பட்டிருந்தது.

நேற்று திங்கட்கிழமை அந்த ஆசிரியை அம்மாவையே அழைத்துக்கொண்டு எழும்பூர் போனேன். பழவந்தாங்கலில் புறநகர் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், குழுமத்தின் அலுவலகம் இருக்கிற தாளமுத்து நடராசன் மாளிகைக்கு நடந்தே போய்விடலாம். தபால் பிரிவில் இருந்தவர் பதிவேட்டைப் பொறுமையாகப் பார்த்து, எங்கள் மனைப்பிரிவின் பெயரில் எந்தக் கடிதமும் வரவில்லை என்றார். அப்போது மணி நான்கு. அம்மா கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளை எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றரைப் பக்க ஆட்சேபணையை எழுதினார். முத்திரையோடு நகல் வாங்கிக்கொண்டோம். கெடு தாண்டிய கடிதத்தை ஏற்பார்களா என்று யாரும் உறுதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அம்மா திரும்பும் வழியில் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரவு வீட்டுக்கு வந்து நானே கணினியில் உட்கார்ந்தேன். குழுமத்தின் இணையதளத்தில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடங்கள் இருக்கின்றன. எங்களுடையதில் அந்த ஆறு கிரவுண்டின் மேல் பூங்கா என்று எழுதியே இருக்கிறது. பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். எங்கள் புல எண்ணுக்கு எதிரே, ஊராட்சியின் பெயருக்கு எழுதிக் கொடுத்த தானப் பத்திரம் ஒரு வரியாக நின்றது. இரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு ஆன நேரம் நாற்பது நிமிடம், செலவு ஒன்றுமில்லை. இதற்குத்தான் 64,000 ரூபாய்.

இன்று காலை பணத்தைத் திருப்பிக் கேட்டேன். எங்கள் பதிவில் சேவை நிறைவடைந்தது என்று காட்டுகிறது, நிறைவடைந்த சேவைக்குப் பணம் திரும்பாது என்று நிபந்தனைகளின் பதினான்காம் பிரிவில் உள்ளது என்றார்கள். அந்த நிபந்தனைகளை நான் பணம் அனுப்பிய பிறகுதான் அனுப்பினார்கள் என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது, இப்போது அந்த எண் என் அழைப்பை எடுப்பதே இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். கெடு உள்ள விஷயத்தில் முதல் ஆட்சேபணையை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, நேரில் கொடுத்து, முத்திரை வாங்கிவிடுங்கள். ஆவணங்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தனிநபர் கணக்குக்குச் சங்கப் பணத்தை அனுப்பாதீர்கள். தபால் எண் கொடுத்தால் அந்த நிமிடமே சரிபாருங்கள், என்னைப் போல இரண்டு நாள் தூங்காதீர்கள். பணம் போனது தெரிந்தவுடன் இணையக் குற்றப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். நான் தாமதமாக அழைத்தேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு நுகர்வோர் ஆணையத்தில் புகார்க் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. அந்தப் புகாரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பணம் போய்ச் சேர்ந்த கணக்கின் விவரத்தைக் கேட்டு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். 32 வீட்டாருக்கும் முன்னால் கணக்கு வாசிக்க வேண்டியவன் நான்தான்.