நுரையீரல் ஃபைப்ரோசிஸ்: எந்த ஏற்பியைத் தடுப்பது?

காரணம் தெரியாமலே நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் ஐபிஎஃப் நோய்க்கு மாத்திரை தேடுவோரிடையே பெரிய வாக்குவாதம் இலக்கைப் பற்றித்தான்: செல்லுக்குக் கட்டளை வாங்கித் தரும் ஏற்பிகளில் எதைத் தடுப்பது?

காகிதத்தில் முந்துவது, தழும்பைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தின் ஏஎல்கே5 ஏற்பி. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற இணைப்புத்திசு செல்லைத் தழும்பு போடும் செல்லாக மாற்றும் கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது. தடுப்பான் செய்வதும் பெரிய பாடில்லை. ஆனால் எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தால் இதய வால்வில் ரத்தக்கசிவும் அழற்சியும் வந்துவிடுகின்றன. புற்றுநோய்க்கான ஏஎல்கே5 தடுப்பான் கேலுனிசெர்டிப்பை 14 நாள் கொடுத்து 14 நாள் நிறுத்தியது அதனால்தான். ஆயுள் முழுக்க விழுங்கும் மாத்திரைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நுரையீரலோடு நிற்கும் உள்ளிழுப்பு மருந்தென்றால் பார்க்கலாம்.

ஐபிஎஃப் மாத்திரையான நின்டெடானிப் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விஇஜிஎஃப், பிடிஜிஎஃப், எஃப்ஜிஎஃப் என்ற மூன்று வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளை ஒருசேர அடிக்கும். 150 மி.கி., இரண்டு வேளை, உணவோடு. இன்பல்சிஸ்-1 ஆய்வில் எஃப்விசி (முழுமூச்சு இழுத்து பலமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு) இழப்பு ஆண்டுக்குச் சுமார் 240 மி.லி.யிலிருந்து 115 மி.லி.க்கு இறங்கியது, நிற்கவில்லை. பத்தில் ஆறு பேருக்கு வயிற்றுப்போக்கு. வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடுக்குக் கேட்காவிட்டால் 100 மி.கி.க்கு இறக்க வேண்டும்.

எல்பிஏ என்ற கொழுப்புச் சமிக்ஞையை வாங்கும் எல்பிஏ1 ஏற்பியின் கதை வேறு. அதைத் தடுக்கும் பிஎம்எஸ்-986020, 600 மி.கி. இரண்டு வேளை என்ற அளவில் 26 வாரத்தில் எஃப்விசி இழப்பைக் கண்கூடாகக் குறைத்தது. அதோடு கல்லீரல் நொதிகளும் ஏறின, மூவருக்குப் பித்தப்பை அழற்சி, ஆய்வை நிறுத்தினார்கள். இலக்கே கெட்டது என்று பலர் விலகியிருப்பார்கள். தோண்டிப் பார்த்தபோது, பித்த உப்பை வெளியேற்றும் பிஎஸ்இபி கடத்தியை அந்த மூலக்கூறு தடுத்தது தெரிந்தது. குற்றம் ஏற்பியுடையதல்ல, வேதியமைப்புடையது. அமைப்பை மாற்றி வந்த அட்மில்பரன்ட், 60 மி.கி. இரண்டு வேளையில் மனிதர்களிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வைத் தாண்டியது. முதல் நாள் ரத்த அழுத்தம் சற்று இறங்குவதைக் கவனிக்க வேண்டும்.

புதிதாக மருந்து தேடத் தொடங்குவோருக்கு என் கை எல்பிஏ1 பக்கமே. ஆனால் பிஎஸ்இபி சோதனையை விலங்காய்வுக்கு முன்பே, ஒவ்வொரு புது மூலக்கூறுக்கும் செய்துவிடுங்கள். சுண்டெலியில் நுரையீரல் தழும்பை உண்டாக்க ப்ளியோமைசின் கொடுத்த முதல் வாரம் பெரும்பாலும் அழற்சிதான். எல்பிஏ1 ரத்தக்குழாய்க் கசிவிலும் பங்கெடுப்பதால், முதல் நாளே மருந்தைத் தொடங்கினால் முடிவு பொய்யாகப் பளபளக்கும். ஏழாம் நாளுக்குப் பிறகு தொடங்கி, 21ஆம் நாள் வாக்கில் தழும்பின் கொலாஜன் அளவைக் காட்டும் ஹைட்ராக்சிபுரோலினை அளக்க வேண்டும். இன்னும் தள்ளிப்போட்டால் தழும்பு தானாகவே கரையத் தொடங்கும், அந்தப் பெருமையும் மருந்துக்குப் போய்விடும்.